பழைய புல்லட் மக்கர் செய்தால் முதலில் எங்கே கை வைப்பது?

என்னிடம் இருப்பது 1990களில் வந்த புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், 346 சி.சி., பாயிண்ட் (கரண்டை மூடித் திறந்து பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த இக்னிஷன், வலது காலில் கியர், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். வீடு மண்டைக்காட்டுப் பக்கம், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில். மூணாறு, வால்பாறை, தனுஷ்கோடி எல்லாம் இந்த வண்டியில்தான் போய் வந்திருக்கிறேன். இரண்டு தடவை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பியதும் உண்டு.

சில வருடங்களுக்கு முன்னால் வண்டி கிக்குக்கு எடுக்காமல் போனது. ஒரு பட்டறையில் விட்டேன். ஹெட்டைக் கழற்றி, வால்வு உரசி, ரிங் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓடியது. அப்புறம் அதே கதை. மார்த்தாண்டத்தில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மக்கா, எஞ்சினத் தொறக்கதுக்கு முன்ன எர்த்தப் பாத்தியாடே?" பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால், எர்த் வயரை (பேட்டரிக்குக் கரண்ட் திரும்பி வரும் வழி) சேஸியில் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். வாஷருக்கு அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. சுரண்டி மாட்டினார். இரண்டாவது கிக்கில் எடுத்துவிட்டது. பட்டறைக்காரர்கள் மாற்றிய ரிங்கும் நல்ல ரிங்தான், ஆனால் அதற்கு அப்போது அவசியமே இருக்கவில்லை.

அன்று தொடங்கி என் வண்டியையும், தெரிந்தவர்களின் நாலைந்து வண்டிகளையும் பார்த்ததில் ஒன்று புரிந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய வண்டியைப் படுக்கப் போடுவது பெரும்பாலும் எஞ்சின் இல்லை. கொல்லங்கோட்டிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடல் உப்பு, உள்ளே போனால் ரப்பர் தோட்டத்து ஈரம், வருடத்தில் இரண்டு மழைக்காலம். வயர் முனைகளும் பெட்ரோல் டேங்கும்தான் முதலில் போகின்றன. அதனால் கீழே ஒவ்வொரு தொந்தரவுக்கும் காசில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன், எஞ்சின் திறக்கும் வேலையைக் கடைசியில்.

கையில் வேண்டியவை: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், மெல்லிய எமரித் தாள், இரண்டு மீட்டர் வயர், வாஸ்லின் டப்பா. சில நட்டுகளுக்கு மில்லி ஸ்பேனர் சரியாக உட்காராது, அவை இஞ்சு அளவு. அடித்து ஏற்றினால் மூலை மழுங்கிவிடும். அதற்கு இஞ்சு ஸ்பேனர் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## கிக் அடித்தாலும் எடுக்கவில்லை

எதையும் கழற்ற வேண்டாம். ஹெட்லைட் கிண்ணத்தின் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். விளக்கெல்லாம் அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் சாயும், பிறகு நடுவுக்கு வரும், மறுபடி சாயும். பாயிண்ட் மூடித் திறப்பதைத்தான் அது காட்டுகிறது. இந்த ஒரு முள்ளை வைத்தே பாதி வழி போய்விடலாம்.

### முள் அசையவே இல்லை

ஹாரன் அடித்துப் பாருங்கள். அதுவும் சத்தம் போடவில்லை என்றால் கரண்ட் பேட்டரியை விட்டே வெளியே வரவில்லை. பேட்டரி முனைகளைக் கழற்றி, வெள்ளைப் பொடி இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எமரியால் தேய்த்து மாட்டுங்கள். மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முன்பே தடவக் கூடாது. அடுத்தது பியூஸ். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி முழுசாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். பியூஸைப் பிடிக்கும் கிளிப்பில் துரு இருந்தாலும் கரண்ட் போகாது. கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

அப்புறம் எர்த். கழற்றித் தேடுவதற்கு முன்னால், கையில் உள்ள வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வையுங்கள். இப்போது முள் அசைந்தால் கோளாறு எர்த்தில்தான். பேட்டரியிலிருந்து சேஸிக்குப் போகும் வயரின் போல்ட்டைக் கழற்றி, அடியில் பளபளப்பாகும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள். நான் இன்னும் ஒரு படி போய், பேட்டரியிலிருந்து நேராக எஞ்சின் போல்ட்டுக்கே ஒரு தடித்த வயர் நிரந்தரமாகப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு வரவில்லை.

ஹாரன் அடிக்கிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால் சாவி சுவிட்ச் அல்லது பாயிண்ட். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பொறிக்கு வோல்டேஜ் ஏற்றும் காயிலின் பிளஸ் முனைக்கு நேராக ஒரு வயர் கொடுத்து கிக் அடியுங்கள். எடுத்துவிட்டால் குற்றவாளி சுவிட்ச். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், அப்படி ஓடும் எஞ்சின் சாவியை அணைத்தால் நிற்காது. வயரைப் பிடுங்க வேண்டும், அல்லது டீகம்ப்ரசரை (வால்வைத் தூக்கிச் சிலிண்டர் அழுத்தத்தை விடும் சின்ன லீவர்) அழுத்த வேண்டும்.

### முள் மைனஸில் போய் அங்கேயே நிற்கிறது

கிக்கரை எத்தனை தடவை அழுத்தினாலும் முள் நடுவுக்குத் திரும்பவில்லை என்றால் பாயிண்ட் திறக்கவே இல்லை, அல்லது எங்கேயோ வயர் உடலில் பட்டு நிற்கிறது. வலப்பக்கம் இருக்கும் வட்ட மூடியைக் கழற்றுங்கள். பாயிண்ட்டுக்குப் போகும் சின்ன வயரின் தோல் உரிந்து தகட்டில் உரசுகிறதா, பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி காணாமல் போய்விட்டதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கண்டன்சரின் (பாயிண்ட் முகத்தில் பொறி பறக்காமல் தடுக்கும் சின்ன உருளை) வயரை மட்டும் விடுவித்து மறுபடி முள்ளைப் பாருங்கள். இப்போது முள் ஆடினால் கண்டன்சர் ஷார்ட்.

முள் அசையாமல் நடுவிலேயே நின்றால், சுவிட்சும் நன்றாக இருந்தால், பாயிண்ட் மூடினாலும் தொடவில்லை. மழைக்காலத்தில் ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் இது சாதாரணம். பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும். எமரியை இரட்டையாக மடித்து நடுவில் விட்டு இரண்டு இழுப்பு. பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை விட்டு, தாளில் கறை வராதவரை இழுங்கள். இந்தத் தாள் வேலையை விட்டுவிட்டால் எமரித் தூளே அடுத்த கோளாறாகும்.

இடைவெளி: பாயிண்ட் முழுக்கத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. கண் அளவில் வைக்காதீர்கள். ஃபீலர் கேஜுக்கு ஆகும் செலவு மீன்சாப்பாட்டு விலைதான்.

### முள் ஒழுங்காக ஆடுகிறது, ஆனாலும் எடுக்கவில்லை

பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, அதன் உடலை ஹெட்டில் அழுத்தி வைத்து கிக் அடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. 'டக் டக்' என்று நீல நிறத்தில் பொறி வந்தால் மின்சாரப் பக்கம் சரி. பொறி மங்கலாக, மஞ்சளாக வந்தால் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. புதுப் பிளக்கிலும் அப்படியே என்றால் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, வயரின் செம்பு முனையை ஹெட்டிலிருந்து ஐந்து மி.மீ. தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கையால் இல்லை, காய்ந்த மரத்துண்டில் கட்டிப் பிடியுங்கள். இப்போது பொறி நன்றாக வந்தால் தொப்பிதான் கெட்டது. உப்புக் காற்றில் தொப்பிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பொடிந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் பொறி இல்லையா? கண்டன்சரை மாற்றுங்கள். விலை மலிவு, முழுசாகச் சோதிக்க வீட்டில் வழி இல்லை, மாற்றிப் பார்ப்பதே சோதனை. கடைசியாகத்தான் காயில்.

### பொறி இருக்கிறது, இருந்தும் எடுக்கவில்லை

பிளக் முனையைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டது. நனைந்த பிளக்கைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பி, டீகம்ப்ரசரை அழுத்திப் பிடித்து ஐந்தாறு கிக். பிறகு பிளக்கை மாட்டி வழக்கம்போல அடியுங்கள். பெட்ரோல் வரவில்லை என்றால் கீழே அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் எடுக்கவில்லை என்றால் கிக்கர் மேல் ஏறி நில்லுங்கள். கம்ப்ரஷனில் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தித் தரும் எதிர்ப்பு) அது உங்கள் எடையைச் சில நொடியாவது தாங்க வேண்டும். சரேலென்று கீழே போனால் மூன்று காரணம். டீகம்ப்ரசர் கேபிள் இறுகி வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். கேபிளில் கொஞ்சம் தளர்வு கொடுத்தால் தீர்ந்தது. கிளட்ச் வழுக்கலாம். இந்த வண்டியில் கிக்கரின் விசை கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது, அதனால் கிளட்ச் வழுக்கினால் கிக்கும் வழுக்கும். மூன்றாவது டேப்பட் (வால்வைத் தள்ளும் புஷ்ராடை அனுசரிக்கும் இடம்) இறுக்கம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, வலப்பக்கச் சின்ன மூடியைத் திறந்து புஷ்ராடை விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவு என்று எதுவும் கிடையாது, விரல்தான் அளவு.

மெக்கானிக்கிடம் எப்போது: இந்த மூன்றையும் பார்த்த பிறகும் கம்ப்ரஷன் இல்லை என்றால். அப்போது மட்டும் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். "டேப்பட், டீகம்ப்ரசர், கிளட்ச் மூன்றும் பார்த்தாச்சு அண்ணே" என்று சொல்லிக் கொடுத்தால் வேலை வேறு மாதிரி நடக்கும்.

### கிக்கர் திருப்பி அடிக்கிறது

கணுக்கால் போய்விடும், சும்மா விடாதீர்கள். பாயிண்ட் தகட்டுக்கு அடியில், வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் எடைகளும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம். மூடியைத் திறந்து, பாயிண்ட்டைத் திறக்கும் கேமை விரலால் திருப்பி விடுங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் சுத்தம் செய்து ஒரே ஒரு சொட்டு ஆயில். அது சரியாக இருந்தும் அடித்தால் டைமிங் (பொறி வரும் நேரம்) முன்னால் போயிருக்கிறது. அட்வான்ஸ் இல்லாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். இதை முதல் தடவை தெரிந்த ஒருவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், அடுத்த தடவை நீங்களே செய்யலாம்.

## பெட்ரோல் தொந்தரவுகள்

இந்த மூன்று நான்கு வருடத்தில் நான் அதிகமாகக் கழற்றிய பொருள் கார்ப்பரேட்டர்தான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாக இறங்கிவிடும். பழைய இரும்பு டேங்க், கடற்கரை ஈரம், மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடும் வண்டி. வேறு என்ன வேண்டும்?

### பெட்ரோல் கார்ப்பரேட்டருக்கு வரவில்லை

டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் போதும். இல்லை என்றால் டியூபைக் கழற்றி, டேப்பைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். விரல் தடிமனுக்கு இல்லாவிட்டாலும் விடாமல் ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வலை அடைப்பு. ரிசர்வில் வைத்தால் நன்றாக வந்து, மெயினில் வரவில்லை என்றால் தலையில் அடித்துக்கொண்டு பங்குக்குப் போங்கள். எனக்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.

பிடித்த பாட்டிலை அப்படியே பத்து நிமிடம் வையுங்கள். அடியில் கோடு போட்டது போல வேறு ஒரு திரவம் நின்றால் அது தண்ணீர். பழுப்புப் பொடி நின்றால் துரு. இரண்டுக்கும் டேங்கை முழுக்கக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

### கார்ப்பரேட்டர் ஒழுகுகிறது

டேப்பை மூடுங்கள். சூடான எஞ்சின் மேல் ஒழுகும் பெட்ரோலோடு விளையாட்டு வேண்டாம். ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி, டேப்பைத் திறந்து பாருங்கள். நின்றுவிட்டால், பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் ஊசியில் சிக்கிய துரு விலகியிருக்கிறது, ஆனால் திரும்ப வரும். வீட்டுக்கு வந்து கிண்ணத்தைக் கழற்றி, ஊசியின் கூர்முனையில் வளையமாகத் தேய்ந்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை.

டியூப் கல் மாதிரி இறுகியிருந்தாலும், பிசுபிசுவென்று ஊதியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் தொங்கும் கண்ணாடி நிற டியூப் நம் வெயிலுக்கு ஒரு வருடம்கூட வராது.

### ஐட்லிங் நிற்கவில்லை, சோக்கில் மட்டும் ஓடுகிறது

பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைப்பு. முதலில் வேறு எதையும் தேட வேண்டாம். ஏர் ஸ்குரூவைக் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே முழுக்க முடுக்கி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள், ஒன்றரைச் சுற்றுப் பக்கம் இருக்கும். ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி வண்டி வாழ்நாள் முழுக்கப் பெட்ரோல் குடிக்கும். கார்ப்பரேட்டர் ஸ்பிரே அடித்து, காற்றுப் பம்பால் ஊதுங்கள். ஜெட் சுத்தமாக இருந்தும் நிற்கவில்லை என்றால், ஓடும்போது கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது, பேக்கிங் மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கிடம் எப்போது: ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு, கார்ப்பரேட்டர் உடலுக்குள் கடகடவென்று ஆடினால். அது தேய்மானம், சுத்தம் செய்து பயனில்லை, புதுசு போட வேண்டும். டேங்கில் துரு செதில் செதிலாக வந்தாலும் வீட்டில் ஆசிட் ஊற்றிப் பார்க்காமல் டேங்க் வேலை செய்பவரிடமே கொடுங்கள்.

## அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறினால் எடுக்கிறது

நின்ற இடத்திலேயே சோதனை செய்தால்தான் உண்டு. வீட்டுக்கு வந்தபின் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

நின்றதும் முதல் வேலை, டேங்க் மூடியைத் திறந்து காற்றுச் சத்தம் கேட்பது. கேட்கவில்லை என்றால் உடனே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். சூடாக இருக்கும், துணி வைத்துப் பிடியுங்கள். பொறி இல்லை அல்லது மங்கல் என்றால் பத்தில் ஏழு தடவை கண்டன்சர். பாயிண்ட் மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தால் பாயிண்ட் முகத்தில் பெரிதாகப் பொறி பறக்கும், அதுவே சாட்சி. அதனால்தான் நீண்ட தூரம் போகும்போது ஒரு கண்டன்சர், ஒரு செட் பாயிண்ட், ஒரு பிளக் என் பையில் எப்போதும் இருக்கும். கண்டன்சர் மாற்றியும் தீரவில்லை என்றால் காயில். கையை வைக்க முடியாத அளவு சுட்டால் சந்தேகமே வேண்டாம்.

பொறி நன்றாக இருந்து, எஞ்சின் தானாக இறுகி நின்றது போல இருந்தால் அது வேறு விஷயம். கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் விடுங்கள். ஆயில் பாருங்கள். உடனே கிக் அடித்து எழுப்பப் பார்த்தால் பிஸ்டனில் கோடு விழும்.

நடுவில் ஒரு சொந்தக் கதை. ஆடி மாதம் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது காவல்கிணறு தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. நாலாவது கியரில் அறுபது கிலோமீட்டர் வேகம் பிடிக்கவே திணறியது. பிஸ்டன் போச்சு என்றே முடிவுகட்டி, ஆரல்வாய்மொழியில் நிறுத்தி ஒரு டீ குடித்தேன். தோவாளை தாண்டியதும் தானாகச் சரியாகிவிட்டது. கணவாய் வழியாக எதிரே வந்த காற்றுதான் காரணம். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பிப் பிடித்தால்தான் எஞ்சின் உண்மையிலேயே சூடாகி இறுகும். மூன்றாவது கியருக்கு இறங்கி, பேசாமல் வாருங்கள்.

## மழையில் மிஸ்ஸிங்

ஆனி ஆடிச் சாரலில் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால், எஞ்சின் விட்டு விட்டு ஓடும் இந்தத் தொந்தரவு வராமல் இருக்காது. பிளக் தொப்பிக்குள் தண்ணீர் போயிருக்கும், கழற்றி உதறித் துடைத்தால் ஓடும். திரும்பத் திரும்ப வந்தால் இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓட விட்டு, பிளக் வயர் மேல் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வயரின் மேல் நீலக் கோடுகள் ஓடினால் வயரின் தோல் வெடித்திருக்கிறது. வயரும் தொப்பியும் மாற்றுங்கள். பாயிண்ட் மூடியின் பேக்கிங் காய்ந்து போயிருந்தால் பழைய டியூபை வெட்டிப் போடலாம், நன்றாகவே தாங்குகிறது.

## சார்ஜ் ஏறவில்லை, விளக்கு மங்கல்

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறினால் சார்ஜிங் சரி, பேட்டரிக்குத்தான் வயதாகிவிட்டது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் மட்டம் பாருங்கள், டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அதற்கு விஷம்.

ஏறவில்லை என்றால் எஞ்சினிலிருந்து மேலே வரும் வயர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்து மாட்டுங்கள். ரெக்டிஃபையர் (ஏசி கரண்டை டிசியாக மாற்றுவது) சேஸியில் உட்காரும் இடத்தையும் சுரண்டுங்கள். அப்படியும் இல்லையா? இணைப்பைப் பிரித்து வைத்து, ஆல்டர்னேட்டர் வயர்களுக்கு நடுவே ஏசி வோல்ட் பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறினால் ரெக்டிஃபையர் அல்லது ரெகுலேட்டர் போயிருக்கிறது, நீங்களே மாற்றலாம். ஏறவில்லை என்றால் ஸ்டேட்டர், அதாவது கரண்ட் உண்டாக்கும் சுருள். அது இடப்பக்க பிரைமரி மூடிக்குள், கிளட்ச் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்து, ஆயில் இறக்கி, காற்று இடைவெளி பார்த்து மாட்ட வேண்டும். இது பட்டறை வேலை.

## புகை

ஒரு மாதம் நிறுத்தி வைத்து எடுக்கும்போது சைலன்சரிலிருந்து நீலப் புகை தெருவையே மூடினால் பதற வேண்டாம். ஆயில் தொட்டியிலிருந்து கிராங்க் பக்கம் மெதுவாக இறங்கியிருக்கும். ஐந்து பத்து நிமிடம் ஓடினால் அடங்கிவிடும். இதில் ஒரு பெரிய தவறு எல்லோரும் செய்வது: நின்ற வண்டியில் ஆயில் குச்சியைப் பார்த்து, குறைந்துவிட்டது என்று அரை லிட்டர் ஊற்றிவிடுவது. பிறகு அது எல்லாப் பக்கமும் கக்கும். பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துத்தான் குச்சி பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை என்றால் சோக் திரும்பவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. சூடான பிறகும் நிற்காத நீலப் புகை, அதோடு ஆயிலும் குறைகிறது என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. அங்கே உங்கள் வேலை முடிந்தது. சிலிண்டர் போர் (உள் விட்டம்) அளவெடுக்க லேத்காரர் வேண்டும். அளவைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வையுங்கள்.

ஆயில் ஒழுகல் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்து, எங்கே சொட்டுகிறது என்று காலையில் பாருங்கள். பேக்கிங் மாற்றுவதற்கு முன்னால் எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் டியூபும் அதன் ரப்பர் வாயும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தால் எந்தப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும்.

## கிளட்ச்

காலையில் கியர் போட்டதும் வண்டி துள்ளுகிறதா? தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. கிளட்சைப் பிடித்துக்கொண்டே இரண்டு மூன்று கிக் அடித்து, கிக்கர் எளிதாக இறங்கும்வரை விட்டுவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். நாள் முழுக்க நியூட்ரல் கிடைக்காமல் தொல்லை என்றால் முதலில் கேபிள். உள் கம்பி ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு வரும். நெடும்பயணத்துக்கு முன்னால் லீவர் பக்க முனையைக் கட்டாயம் பாருங்கள். லீவரில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் கிளட்ச் வழுக்கும். வழுக்கலுக்கு இன்னொரு காரணம் பிரைமரியில் ஊற்றிய தப்பான ஆயில். மாற்றிய மறுநாளே தொடங்கியிருந்தால் அதுதான். பிளேட் தேய்ந்திருந்தால் மாற்றுவதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

## பிரேக் பிடிக்கவில்லை

கேபிளையும் ராடையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். மழைக்குப் பிறகு என்றால் மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக அழுத்திப் பிடித்தால் டிரம் காய்ந்துவிடும். பிரேக் லீவர் திரும்ப வராமல் சிக்கினால் டிரம் தகட்டில் ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி, கேமை எடுத்து, தேய்த்து, கிரீஸை நகக்கண் அளவு மட்டும் வையுங்கள். ஷூ தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வண்டி அடியில் துரு பிடிக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் தொட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. செய்யுங்கள், ஆனால் சக்கரத்தின் பக்கம் போகவே கூடாது. ஆயில் குடித்த ஷூவைக் காப்பாற்ற முடியாது.

பிரேக் பிடிக்கும்போது லீவர் துடித்தால் டிரம் வட்டம் போய்விட்டது. அது லேத் வேலை.

## ஓட்டும்போது ஆட்டம்

முதலில் டயர் காற்று. அப்புறம் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே சுருதியில் 'டிங்' என்று வரும். 'டப்' என்று வந்தால் அது தளர்ந்தது அல்லது நிப்பிளுக்குள் அறுந்தது. கடற்கரை வண்டியில் ஸ்போக் வெளியே பளபளவென்று இருக்கும், நிப்பிளுக்குள் துரு தின்றிருக்கும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பதும் சீக்கிரம் போகும்.

ஸ்போக் எல்லாம் நன்றாக இருந்தால், ஒருவரைப் பின்னால் உட்கார வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் கீழ் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக்' என்றால் கழுத்து பேரிங் தளர்ந்திருக்கிறது, இறுக்கலாம். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் மாட்டி நின்றால் பேரிங் குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது சக்கரத்தோடு அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கிறது. அதைக் கழற்ற பிரஸ் வேண்டும், வீட்டில் சுத்தியலால் அடித்தால் சேஸி கெடும்.

மூன்று ஸ்போக்குக்கு மேல் போயிருந்தால் தனித்தனியாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சக்கரத்தை நீங்களே கழற்றி, டயரும் பிரேக் தகடும் எடுத்துவிட்டு, வெறும் சக்கரமாக ஸ்போக் கட்டுபவரிடம் கொடுங்கள். கூலியும் குறையும், பிரேக் ஷூவில் யாருடைய கிரீஸ் கையும் படாது.